குருவாசானும் பிரான்சின் அடுமனைகளும்

குருவாசான் என்பது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த கோதுமை மாவுக்கு நடுவே வெண்ணெயை வைத்து, பலமுறை மடித்துத் தேய்த்து, முக்கோணமாக வெட்டிச் சுருட்டி, சுட்டெடுக்கும் பிரெஞ்சுச் சிற்றுணவு. பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குப் பிறை என்று பொருள். சொல்லின் இறுதியில் உள்ள மெய் ஒலிக்கப்படுவதில்லை. நம் ஊர்க் காபிக் கடைகளில் 'குரோய்சன்ட்' என்று சொல்லிப் பழகியவர்கள் பிரான்சில் அப்படியே கேட்டால், விற்பவர் ஒரு கணம் விழிப்பார். பிறகு புரிந்துகொண்டு எடுத்துத் தருவார்.

படிப்புக்காகவும் வேலைக்காகவும் பிள்ளைகளோடு தங்குவதற்காகவும் பிரான்சுக்குச் செல்லும் தமிழர் பலர். அங்கு தெருவுக்குத் தெரு அடுமனை இருப்பதால், எதில் நுழைந்தாலும் நல்ல குருவாசான் கிடைத்துவிடும் என்ற எண்ணம் முதல் வாரத்தில் எல்லோருக்கும் இருக்கும். அது சரியன்று. ஏன் சரியன்று, நல்லதை எப்படி அறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வந்த வழி

குருவாசானின் மூதாதை, வியன்னாவில் பல நூற்றாண்டுகளாகச் செய்யப்படும் கிப்ஃபெர்ல் என்ற பிறை வடிவ ரொட்டி. 1683இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, அதிகாலையில் விழித்திருந்த அடுமனைக்காரர்கள் சுரங்கம் தோண்டும் ஓசையைக் கேட்டு நகரைக் காப்பாற்றினார்கள் என்றும், அந்த வெற்றியின் நினைவாகத் துருக்கியரின் பிறையை ரொட்டியாகச் சுட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அரசி மரீ அந்துவானெத் அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார் என்பது இன்னொரு கதை. இரண்டும் சுவையான கதைகள். இரண்டுக்கும் அந்தக் காலத்துச் சான்று இல்லை.

சான்றுள்ள செய்தி வேறு. ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் 1830களின் பிற்பகுதியில் பாரிசின் ரிஷ்லியே தெருவில் ஒரு வியன்னா அடுமனையைத் திறந்தார். அவருடைய ரொட்டி வகைகள் பாரிசு மக்களுக்குப் பிடித்துப்போக, மற்றக் கடைகளும் அவற்றைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. இன்றும் குருவாசான் முதலான வெண்ணெய்ப் பண்டங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'வியெனுவாசரி', அதாவது வியன்னாப் பண்டங்கள், என்றே அழைக்கிறார்கள். சாங் 1848இல் வியன்னாவுக்குத் திரும்பி, தீ பிரெஸ்ஸ என்ற செய்தித்தாளைத் தொடங்கிப் பெரும் செல்வரானார். ஆனால் அவர் விற்றது இன்றைய அடுக்குக் குருவாசான் அன்று. மென்மையான பிறை ரொட்டி. வெண்ணெயை மடித்து அடுக்கடுக்காகச் செய்யும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது. பிறந்தது வியன்னாவில், அடுக்கு வந்தது பாரிசில் என்று சொல்லலாம்.

மாவும் வெண்ணெயும்

நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிய, செய்முறை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு இது எளிது. பரோட்டாவும் பேக்கரி முட்டை பஃப்ஸும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அடுக்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பஃப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது. அடுக்குகள் மட்டுமே அதை உப்பவைக்கின்றன. குருவாசானில் அடுக்கும் உண்டு, ஈஸ்டும் உண்டு. வெளியே நொறுங்குவதும் உள்ளே ரொட்டிபோல் மிருதுவாக இருப்பதும் இதனால்தான்.

மாவு, பால் அல்லது தண்ணீர், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைப் பிசைந்து குளிரில் வைக்கிறார்கள். தகடாகத் தட்டிய வெண்ணெயை அதன் நடுவே வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடிக்கிறார்கள். மறுபடியும் குளிரில் ஓய்வு. இப்படி மூன்று முறை மடித்தால் வெண்ணெய் 3×3×3, அதாவது 27 அடுக்குகளாகிவிடும். மடிப்பு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியன்று, மேலும் மேலும் மடித்தால் அடுக்குகள் மெலிந்து ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் சாதாரண வெண்ணெய் ரொட்டிதான் கிடைக்கும்.

அடுப்பில் நடப்பது நான் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திய பாடம். ஐரோப்பிய விதிப்படி வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு பால்கொழுப்பும், அதிகம் போனால் 16 விழுக்காடு நீரும் இருக்கலாம். அந்த நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். மேலே உள்ள மாவுத் தகட்டை அது தூக்குகிறது. உருகிய கொழுப்போ தகடுகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. குருவாசானைக் குறுக்கே வெட்டினால் தேனடைபோல் கண் கண்ணாகத் தெரிவது இந்த ஆவி விட்டுச்சென்ற இடம்.

இதில் அடுமனைக்காரருக்குப் பெரிய தொல்லை வெப்பம். வெண்ணெய் 32 பாகை செல்சியசைத் தாண்டினால் உருகி ஓடத் தொடங்கும். ஈஸ்டுக்கோ கதகதப்பு வேண்டும். சுடுவதற்கு முன் மாவைப் பொங்கவைக்கும்போது 25 முதல் 27 பாகைக்குள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வெண்ணெய் வழிந்து தட்டில் தேங்கிவிடும். இதற்கெல்லாம் முதல் நாளே மாவைப் பிசைந்து வைக்க வேண்டும், குளிரறை வேண்டும், கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். ஒரு யூரோவுக்குச் சற்று மேல் விற்கும் பண்டத்துக்கு இவ்வளவு உழைப்பு. இந்தக் கணக்கு கட்டாத கடைகள் என்ன செய்கின்றன என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

பெயர்ப்பலகை எதற்கு உறுதி

பிரான்சில் 'பூலாஞ்சரி', அதாவது ரொட்டி அடுமனை, என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிட முடியாது. 1998 மே 25ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. மாவைப் பிசைவது, புளிக்கவைப்பது, உருவாக்குவது, சுடுவது ஆகிய நான்கையும் விற்கும் இடத்திலேயே செய்பவர்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். எந்தக் கட்டத்திலும் உறையவைத்திருக்கக் கூடாது. ஆலையிலிருந்து உறைந்த மாவை வாங்கிச் சுட்டு மட்டும் விற்கும் கடைகள் பெருகியதால், கைத்தொழிலாக ரொட்டி செய்பவர்களைக் காக்க வந்த சட்டம் இது. இதற்கு முன்பே, 1993இல் வந்த ஓர் ஆணை, 'மரபுவழி பிரெஞ்சு ரொட்டி' என்று விற்கப்படும் ரொட்டியில் என்னென்ன சேர்க்கலாம் என்பதை வரையறுத்திருந்தது.

இங்கே ஒரு சிறு சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் பேசுவது ரொட்டியைப் பற்றி. குருவாசானைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பகேத் என்ற நீள ரொட்டியை விடியற்காலை முதல் தன் கையால் பிசைந்து சுடும் ஒருவர், அதே கடையில் ஆலையிலிருந்து வந்த உறைந்த குருவாசானை அடுப்பில் வைத்துச் சுட்டு விற்கலாம். பலகையில் பூலாஞ்சரி என்று எழுதியிருப்பதில் பிழையில்லை. இப்படி விற்கும் கடைகள் சிலவல்ல, ஏராளம். ஆலைக் குருவாசான் எல்லாமே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. உண்மையான வெண்ணெயில் செய்தவையும் உண்டு. ஆனால் கைவினைப் பண்டத்துக்கு உரிய விலையைக் கொடுப்பவருக்கு, எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா?

எனக்கே இது நடந்தது. பாரிசின் புறநகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, வீட்டுக்கு எதிரில் இருந்த அடுமனையில் ஒரு மாதம் தினமும் குருவாசான் வாங்கினேன். ரொட்டி அருமை. குருவாசான் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் ஏதோ பூசியதுபோல் ஒட்டியது. ஒரு நாள் காலை கடைக்கு வெளியே சரக்கு வண்டியிலிருந்து அட்டைப் பெட்டிகள் இறங்குவதைப் பார்த்தேன். பெட்டியின் மேல் குருவாசான் படம்! கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை.

வெண்ணெயா, மார்கரினா

பிரெஞ்சு அடுமனைகளில் இரு வகைக் குருவாசான்கள் உண்டு. 'குருவாசான் ஓ பேர்' என்பது வெண்ணெயில் செய்தது. 'குருவாசான் ஒர்தினேர்', அதாவது சாதாரணக் குருவாசான், மார்கரினில் செய்தது. வெண்ணெய்க் குருவாசான் நேராகவும், சாதாரணமானது இரு முனையும் வளைந்து பிறைபோலவும் இருப்பது பொதுவான வழக்கம். பிறை என்ற பெயருக்கு விலை மலிந்த வகைதான் பொருந்துகிறது! ஆனால் இது வழக்கம்தான், சட்டமில்லை. எனவே வடிவத்தை மட்டும் நம்பாமல் விலைச்சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 'ஓ பேர்' என்ற சொற்கள் இல்லையென்றால் வெண்ணெய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மார்கரினும் பிரெஞ்சுக் கண்டுபிடிப்புதான். வெண்ணெய்க்கு மாற்றாக மலிவான, கெடாத கொழுப்பு வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் கேட்டபோது, மேஜ் மூரியே என்ற வேதியியலாளர் 1869இல் அதை உருவாக்கினார். அடுக்கு மாவுக்குப் பயன்படும் மார்கரின் உயர்ந்த வெப்பத்தில்தான் உருகும். அதனால் வேலை செய்வது எளிது. ஆனால் வாயின் சூடு அதை உருக்கப் போதாது. அண்ணத்தில் ஒட்டுவது அதுதான். வெயில் காலத்தில் நம் ஊர் பஃப்ஸ் சாப்பிட்டால் உதட்டில் மெழுகுபோல் படிவதும் இதே காரணத்தால்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் நிறம். நன்கு வெந்த குருவாசான் வெளிர்மஞ்சளாக இருக்காது. ஆழ்ந்த பழுப்பாக, மேட்டில் கருமையாகவும் பள்ளத்தில் பொன்னிறமாகவும் இருக்கும். அடுக்குகளின் ஓரம் வெளியிலிருந்தே வரிவரியாகத் தெரிய வேண்டும். கையில் எடுத்தால், 'இவ்வளவு பெரிதாக இருந்தும் கனமில்லையே' என்று தோன்ற வேண்டும். கனத்தால் உள்ளே மாவு சரியாகப் பொங்கவில்லை என்று பொருள். அடிப்பக்கம் எண்ணெயில் பொரித்ததுபோல் இருந்தால், பொங்கும்போதே வெண்ணெய் வழிந்துவிட்டது. பிய்த்தால் மேல்தோல் நொறுங்கி மேசையெல்லாம் துகளாக வேண்டும். உள்ளே இழுபட்டு வர வேண்டும். துகள் உதிராத குருவாசானை நான் இப்போது மறுமுறை வாங்குவதில்லை.

தட்டில் உள்ள எல்லாக் குருவாசானும் அளவிலும் வளைவிலும் இம்மி பிசகாமல் இருந்தால் ஐயப்படலாம். கையால் சுருட்டியவற்றில் சிறு வேறுபாடு இருக்கும். ஆனால் இதுவும் முழுச் சான்று ஆகாது. தேர்ந்த கையும் ஒன்றுபோலவே செய்யும்.

கடையின் நடப்பிலும் சில குறிகள் உண்டு. முப்பது வகைக் கேக்கும், பீட்சாவும், குருவாசானும், எல்லாம் நாள் முழுவதும் குறையாமல் அடுக்கியிருக்கும் சிறு கடையில் அத்தனையையும் பின்கட்டில் இரண்டு பேர் செய்திருக்க முடியாது. நல்ல கடையில் பதினொரு மணிக்குக் குருவாசான் தீர்ந்துபோயிருக்கலாம், அது குறையன்று. பிரான்சின் பல பகுதிகளில் ரொட்டிக் கடைகள் வாரத்தில் ஒரு நாள் மூடவேண்டும் என்று உள்ளூர் ஆணை உண்டு. கோடையில் மூன்று, நான்கு வாரம் விடுமுறை அறிவிப்பும் கதவில் ஒட்டியிருக்கும். ஆகவே பக்கத்தில் இன்னொரு நல்ல கடையையும் தெரிந்துவைத்துக்கொள்வது பயன்படும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பரிசுச் சீட்டுகளை நின்று படியுங்கள். எந்தப் பண்டத்துக்கு, எந்த ஆண்டு என்பது முக்கியம். பாரிசு மாநகரம் 1994 முதல் சிறந்த பகேத் ரொட்டிக்குப் பரிசு தருகிறது. வெண்ணெய்க் குருவாசானுக்குத் தனிப் போட்டி உண்டு. பகேத்துக்குப் பரிசு வாங்கிய கடையில் குருவாசான் சிறப்பாக இருக்கும் என்ற கட்டாயம் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, கேட்பது. "லே குருவாசான் சோன் ஃபே இசி?" என்றால் "குருவாசான்கள் இங்கேயே செய்தவையா?" என்று பொருள். ஆனால் அதற்கு முன் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிவிட வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பது அங்கு மரியாதைக் குறைவு. இது தெரியாமல் முதல் சில நாள்கள் நான் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். மகள்தான், "அம்மா, முதல்ல வணக்கம் சொல்லுங்க, அப்புறம் பாருங்க" என்றாள். அதன்பின் கிடைத்த முகமலர்ச்சியே வேறு. தம் கையால் செய்பவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு நீளமாகப் பதில் சொல்வார். செய்யாதவர் "இங்கேதான் சுடுகிறோம்" என்பார். சுடுவது வேறு, செய்வது வேறு.

முட்டை, இறைச்சி, ரம் பற்றி

மரக்கறி உணவினர் கவனிக்க வேண்டிய செய்தி: பிரெஞ்சுக் குருவாசானின் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்காது, ஆனால் மேலே பளபளப்புக்காக முட்டை பூசித்தான் சுடுவார்கள். முட்டையை முற்றிலும் தவிர்ப்பவர்கள் வீகன் அடுமனைகளைத் தேடவேண்டும். பெரு நகரங்களில் இவை உள்ளன.

உப்புக் குருவாசான் என்று நினைத்து 'ஜாம்போன்' என்று எழுதியதை வாங்கிவிட வேண்டாம். அது பன்றித் தொடை இறைச்சி. பாதாம் குருவாசான் பொதுவாக முந்தைய நாள் மீந்த குருவாசானை வெட்டி, சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் விழுதை வைத்து மறுபடி சுட்டது. அந்த விழுதில் முட்டை உண்டு. பாகில் ரம் சேர்ப்பதும் வழக்கம். மது தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வாங்கிச் சென்றதை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் என்றால், 150 பாகையில் அவனில் நான்கைந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்புத் திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் தோல்போல் ஆகிவிடும்.

பிற நாடுகளில்

பிரான்சுக்கு வெளியே இதே பண்டத்தின் உறவுகள் வேறு பெயரில் கிடைக்கின்றன. பெயர் மாறும்போது பண்டமும் மாறுகிறது. இத்தாலியில் காலை காபியோடு தருவது கொர்னெத்தோ. மாவிலேயே முட்டையும் சர்க்கரையும் சேர்வதால் இனிப்பும் மென்மையும் கூடுதல். ஜெர்மன் மொழி பேசும் சுவிட்சர்லாந்தில் கிப்ஃபெலி என்று கேட்க வேண்டும். அர்ஜென்டினாவின் மெதியாலூனாவில், வெண்ணெயில் செய்தது, விலங்குக் கொழுப்பில் செய்தது என இரு வகை உண்டு. அங்கும் கேட்டு வாங்க வேண்டும். டென்மார்க்கில் இத்தகைய அடுக்குப் பண்டங்களை வியன்னா ரொட்டி என்கிறார்கள், உலகம் அவற்றை டேனிஷ் என்கிறது!

நல்ல குருவாசான் பிரான்சில்தான் கிடைக்கும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 2012இல் தொடங்கிய லூன் என்ற கடை குருவாசானுக்காகவே உலகப் புகழ் பெற்றது. அதைத் தொடங்கிய கேட் ரீட், முன்பு ஃபார்முலா ஒன் பந்தயக் கார் அணியில் காற்றியக்கவியல் பொறியாளராகப் பணியாற்றியவர். அவருடைய கடையில் மாவு மடிக்கும் அறையைக் கண்ணாடியால் அமைத்து, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன வெப்பத் தொல்லையைப் பொறியாளர் ஒருவர் எதிர்கொண்ட விதம் அது.

தமிழர் தொடர்பு

ஈழத்தமிழர் வழக்கில் ரொட்டி என்பது பாண், அடுமனை என்பது வெதுப்பகம், அடுப்பு என்பது போறணை. போர்க்காலத்தில் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் பாரிசின் உணவகங்களிலும் அடுமனைகளிலும் இரவு வேலை செய்து தொழில் கற்றார்கள். அவ்வழியில் வந்தவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து 2006இல் பிரான்சுக்கு வந்த இவர், பாரிசின் 20ஆம் வட்டாரத்தில் நடத்தும் 'ஓ லெவேன் தே பிரெனே' என்ற அடுமனைக்காக 2023ஆம் ஆண்டின் சிறந்த பகேத் பரிசை வென்றார். பரிசுத்தொகை 4,000 யூரோ. அத்துடன் ஓராண்டுக்குப் பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ரொட்டி வழங்கும் வாய்ப்பும் உண்டு. பகேத் செய்யும் கைத்தொழிலை யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது 2022 நவம்பரில். அதற்கடுத்த ஆண்டே ஒரு தமிழர் கையால் சுட்ட ரொட்டி முதலிடம் பெற்றது.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும், அருகிலுள்ள ஆரோவில்லிலும் குருவாசான் சுடும் அடுமனைகள் இன்றும் உள்ளன. பிரான்சில் வாழும் புதுச்சேரித் தமிழர் ஊருக்கு வரும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். ஒப்பீடு அவ்வளவு நியாயமானதில்லை. மே மாதத்தில் 40 பாகையைத் தொடும் கடற்கரை ஊரில், 32 பாகையில் உருகும் வெண்ணெயை 27 அடுக்காக்க வேண்டும். மின்சாரம் போனால் மடித்துவைத்த மாவு முழுவதும் வீண். காலை ஏழு மணிக்குப் போனால், குளிரறையிலிருந்து வந்து அப்போதுதான் வெந்த குருவாசான் அங்கே கிடைக்கும்.